நார்ட்ஷ்லைஃபேயில் பிரேக் பழகுகிறேன்

அசெட்டோ கோர்சா என்ற கணினிக் கார்ப் பந்தய விளையாட்டில் மாஸ்டா எம்எக்ஸ்-5 கப் காரை எடுத்து, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது), வழிகாட்டிக் கோடு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நூர்பர்க்ரிங்கின் நார்ட்ஷ்லைஃபேயில் புல்லைத் தொடாமல் ஒரு முழுச் சுற்று வர வேண்டும். நான் வைத்துக்கொண்ட இலக்கு இவ்வளவுதான். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஜெர்மனியின் ஐஃபல் மலைக்காட்டுக்குள் 1927-ல் திறக்கப்பட்ட அந்தத் தடம் 20.8 கிலோமீட்டர் நீளம். எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள். உச்சிக்கும் பள்ளத்துக்கும் கிட்டத்தட்ட 300 மீட்டர் உயர வித்தியாசம். பல வளைவுகள் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருக்கும். குனோஸ் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட விளையாட்டு என்பதால் காட்சியில் வயது தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் தடத்தை லேசர் வைத்து அளந்து செய்திருக்கிறார்கள். ரோட்டில் இருக்கிற மேடுபள்ளமெல்லாம் கணினியோடு இணைத்த ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வருகிறது.

ஏன் ஜிடி3 வகைப் பந்தயக் கார் இல்லை என்று கூட விளையாடுபவர்கள் கேட்டார்கள். அதில் இறக்கை காரை ரோட்டோடு அழுத்திப் பிடிக்கும், ஏபிஎஸ்ஸும் உண்டு. காலின் லட்சணம் பாதி வெளியே தெரியாது. இந்தச் சின்ன மாஸ்டாவிடம் அந்தத் தாட்சண்யம் கிடையாது.

முதலில் அமைப்புகளைச் சரிசெய்தேன். 27 அங்குல மானிட்டர், கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் செங்குத்துப் பார்வைக் கோணம் (திரையில் மேலிருந்து கீழ்வரை தெரியும் காட்சியின் அளவு) 27 டிகிரிதான் வருகிறது. குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது போல இருக்கும், வேகமும் குறைந்த மாதிரி தோன்றும். ஆனால் வளைவு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது கண்ணுக்குப் பிடிபட ஆரம்பிக்கும். அப்புறம் ஸ்டீயரிங் விசை. பெடல் அளவுகளைக் காட்டும் சின்னக் கட்டத்தில் சாம்பல் நிறப் பட்டை ஒன்று உண்டு. அது சிவப்பானால் கேட்கிற விசையைத் தர வீலின் மோட்டாரால் முடியவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் டயர் என்ன சொன்னாலும் கைக்கு வராது. சிவப்பு எப்போதாவது தலைகாட்டும் அளவுக்கு கெயினை, அதாவது விசையின் மொத்த அளவை, குறைத்து வைத்தேன். காருசெல் வளைவின் சாய்ந்த கான்கிரீட்டில் மட்டும் சிவப்பாகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு வளைவுக்காக மற்ற இடமெல்லாம் ஸ்டீயரிங்கைச் செத்துப்போக வைப்பதில் அர்த்தமில்லை.

இனி பிரேக். விலை குறைந்த பெடல்கள் கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதைத்தான் அளக்கும். லோட் செல் பெடல் எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பதை அளக்கும். தூரத்தைவிட அழுத்தத்தைத்தான் கால் நன்றாக நினைவு வைத்துக்கொள்கிறது. பெடல் மாற்றிய பிறகு டயர் சுழலாமல் பூட்டிக்கொள்ளும் எல்லைக்குச் சற்று முன்பே கால் நிற்கப் பழகியது. பணம் செலவழிப்பதென்றால் வீலுக்கு முன் பெடலுக்குத்தான் என்பேன். பழைய பெடலே இருப்பவர்கள் விளையாட்டின் அமைப்பில் பிரேக் காமாவை (மிதிக்க மிதிக்க பிரேக் எப்படிக் கூட வேண்டும் என்பதைச் சொல்லும் அளவு) ஏற்றிப் பார்க்கலாம். தொடக்க மிதிக்கு நிதானம் கூடும்.

லோட் செல்லில் ஒரு தொல்லை. அழுத்தி மிதித்தால் சக்கரம் வைத்த மேசை நாற்காலி பின்னால் ஓடிவிடும். நாற்காலியின் சக்கரங்களைப் பழைய ஷூக்களுக்குள் இறக்கி வைத்தேன். பார்க்கச் சகிக்காது, ஆனால் அசையாது.

மிதிப்பதைவிட விடுவதற்குத்தான் நாள் பிடித்தது. பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன் டயர்களுக்கு வரும். அந்த எடை இருக்கும்போதுதான் முன்பக்கம் நன்றாகத் திரும்பும். வளைவுக்குள் நுழையும்போது காலைச் சட்டென்று எடுத்தால் எடை பின்னால் போய், கார் திரும்ப மாட்டேன் என்று நேராகப் போகும். அதிகமாகப் பிடித்துக்கொண்டே திருப்பினால் பின்பக்கம் லேசாகிச் சுற்றிவிடும். ஸ்டீயரிங் எவ்வளவு திரும்புகிறதோ அந்த அளவுக்குக் கால் மேலே வர வேண்டும்.

இதைப் பழகத் தொடக்கத்திலிருந்து அடனாவர் ஃபோர்ஸ்ட் வளைவுகள் வரை மட்டும் ஓட்டிவிட்டு மறுபடி பிட்டுக்கே (கார் கிளம்பும் இடம்) போய்க்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு வரும் ஃபுக்ஸ்ரூரே இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை எடுக்கவே தேவையில்லை. பள்ளத்தின் அடியில் கார் அமுங்கி, ஸ்டீயரிங் கனத்து, மேலே ஏறும். அந்த ஏற்றத்திலேயே பிரேக்கை முடித்தாக வேண்டும். மேட்டின் உச்சியில் முன் டயர்கள் லேசாகிவிடும். அங்கே அதே பலத்தில் மிதித்தால் உடனே பூட்டிக்கொள்ளும். டயர் கிறீச்சிடுவதற்கு முன்பே ஸ்டீயரிங் கையில் வெறுமையாகிவிடும். அந்த வெறுமை தெரிந்த நொடியே காலைக் கொஞ்சம் தளர்த்தினால் பிடிப்பு திரும்ப வரும். உச்சி தாண்டியதும் இடது, உடனே வலது. தடம் தெரியாமல் வேகமாக வருபவர்கள் நேராகப் புல்லுக்குள் போகும் இடம் இது. வலதுபுறத் திருப்பத்துக்காக முதல் வளைவில் கொஞ்சம் வேகத்தைத் தியாகம் செய்வது எனக்குச் சரிப்பட்டு வந்தது.

பெர்க்வெர்க் வளைவில் வேறு பாடம். அங்கிருந்து கெஸல்கென் ஏற்றம் நீண்டுகொண்டே போகும். இந்தக் காரில் குதிரைசக்தி குறைவு என்பதால், வளைவைவிட்டு மெதுவாக வெளியே வந்தால் அந்த ஏற்றம் முழுக்க அதற்கான அபராதம்தான். 1976-ல் ஃபார்முலா 1 ஓட்டுநர் நிக்கி லாடா தீக்காயம் பட்ட விபத்து நடந்ததும் பெர்க்வெர்க்குக்குச் சற்று முன்புதான். மேட்டுச் சாலையில் அந்த வளைவை நோக்கிப் போகும்போது ஒவ்வொரு முறையும் அது ஞாபகம் வரும்.

இப்போதைய நிலவரம்: முழுச் சுற்று வந்துவிட்டது, ஒன்பதரை நிமிடத்துக்குச் சற்று மேல். பிளான்ஸ்கார்ட்டன் என்ற பகுதியில்தான் இன்னும் பயம். அங்கே கார் லேசாக எழும்பி இறங்கும். இறங்கும்போது ஸ்டீயரிங் நேராக இல்லையென்றால் தடுப்புக்கம்பிதான். இப்போதைக்கு அதற்கு முன்பே தேவைக்கு மேல் பிரேக் பிடித்துத் தவழ்ந்து கடக்கிறேன். டயர் அழுத்தத்தில் கை வைப்பதைத் தள்ளிப்போட்டுவிட்டு, இனி புரூன்கெனிலிருந்து ஷ்வால்பென்ஷ்வான்ஸ் வரை, பிளான்ஸ்கார்ட்டன் நடுவில் வரும் அந்தத் துண்டைத்தான் ஓட்டப்போகிறேன்.