முப்பது வருஷ நீலம்

இந்த மே மாதம் எங்கள் வீட்டு ஹைட்ராஞ்சியா ரோஸ் நிறத்தில் பூத்தது. முப்பது வருஷமாக நீலம் தவிர வேறு பூத்ததில்லை. அத்தை வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது யார் வீட்டுச் செடி?" என்று கேட்டார்.

செடியை வைத்தவரே அவர்தான். மாமா கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலத்தில், பங்களாத் தோட்டத்திலிருந்து ஒரு போத்தை ஒடித்து, ஈரத்துணி சுற்றி, பஸ்ஸில் குன்னூருக்குக் கொண்டுவந்தாராம். கேட்டு வாங்கினாரா என்பதை மட்டும் இன்றுவரை சொன்னதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில் தோட்டத்தின் கீழ் ஓரம் சரிந்தது. ஊட்டிக்காரர்களுக்கு ஆடி மழை என்றால் குன்னூருக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான். தடுப்புச் சுவர் கட்டியே ஆகவேண்டும், அதன் அஸ்திவாரம் சரியாகச் செடியின் காலடியில் வந்தது. பொங்கல் முடிந்த கையோடு வேலை ஆரம்பம் என்றார் மேஸ்திரி. எனக்குக் கிடைத்தது ஐந்தே நாள். அவகாசம் இருந்திருந்தால் முன்கூட்டியே செடியைச் சுற்றி மண்வெட்டியை இறக்கி வேரை அறுத்துவிட்டு, உள்பக்கம் புதுச் சல்லிவேர் விடும்வரை காத்திருக்கலாம். அதெல்லாம் நடக்கவில்லை.

உதவிக்கு வந்தவர் தேயிலைக் கவாத்தில், அதாவது செடியை வெட்டிவிடும் வேலையில், நாற்பது வருஷம் கை பழகிய பெரியவர். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டியிலிருந்து திரும்பிய குடும்பம். செடியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "எதுக்கு டீச்சரம்மா செடியில இத்தனை வாது, கிளை? முழங்கால் உயரத்துக்கு இறக்கிடுவோம். தேயிலை எப்படித் திரும்ப வருது, அப்படி வந்துரும்" என்றார். நானும் தலையாட்டினேன். அவர் கவாத்துக் கத்தி வீசுவதைப் பார்க்கவேண்டும்! வாதுக்கு ஒரே வீச்சு, சாய்வான வெட்டு, பட்டை துளிகூடக் கிழியாது. வெட்டிக்கொண்டே பழைய கதை சொன்னார். தோட்டத்தில் கவாத்துக்கு முன்னால் பென்சில் கனத்தில் வேர் ஒன்றை நறுக்கி அயோடின் தடவிப் பார்ப்பார்களாம். கறுத்தால் வேரில் மாவுச்சத்து இருக்கிறது, வெட்டைத் தாங்கும். கறுக்காவிட்டால் கத்தியைத் தொடக்கூடாது.

வேர் நான் பயந்த அளவுக்கு ஆழமில்லை. ஓரடிக்குள்ளேயே பாய் மாதிரி பரவியிருந்தது. முந்தின நாளே நன்றாகத் தண்ணீர் விட்டிருந்ததால் இரண்டரை அடி அகல மண்ணோடு கட்டி உடையாமல் வந்தது. நாலு பேர் சாக்கில் ஏற்றி இழுத்து, வீட்டோரம் காலை வெயில் மட்டும் விழும் மேல்தட்டில் வைத்தோம். கற்பூர மரத்துக்கு, அதாவது யூகலிப்டஸுக்கு, பக்கத்தில் வைக்கவில்லை, அது இருக்கிற தண்ணீரையெல்லாம் குடித்துவிடும். குழியை அகலமாக வெட்டினோம், ஆழமாக இல்லை. பழைய மண் மட்டம் தண்டில் எங்கே இருந்ததோ அங்கேதான் புதிய மட்டமும். மேலே சில்வர் ஓக் சருகை மெத்தைபோலப் பரப்பினேன்.

மாசி, பங்குனிதான் பெரும்பாடு. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்கே. புதுத்தளிர் மத்தியானம் தொங்கிப்போகும், சாயங்காலம் நிமிரும். ஒரு ராத்திரி காட்டெருமை வந்து சருகை மிதித்துக் கலைத்துவிட்டுப் போனது. செடியைத் தொடவில்லை, நல்லவேளை.

பிழைத்துவிட்டது. கையகல இலை, பளபளப்பு, போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஆனால் அந்த வருஷம் ஒரு பூ இல்லை.

இந்த வகை ஹைட்ராஞ்சியா போன வருஷத்து வாதின் நுனியில்தான் மொட்டைச் சேர்த்து வைத்திருக்கும். நாங்கள் வெட்டிக் குவித்தது அந்த வருஷத்துப் பூவை முழுசாக. வாதுகளை ஒரு கயிற்றால் சேர்த்துக் கட்டியிருந்தாலே தூக்குவதற்குப் போதும். பெரியவரிடம் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். "தேயிலை பூத்தாத்தான் எங்களுக்குத் திட்டு விழும். கொழுந்துக்கு வெட்டிப் பழகின கை இது. உங்களுக்குப் பூ வேணும்னு எனக்குத் தோணவே இல்லை பாருங்க." எனக்கும்தானே தோணவில்லை? சுற்றிலும் கொழுந்துக்காகவே வெட்டுகிற ஊரில் இருந்து இருந்து, வெட்டு என்றால் அது ஒன்றுதான் என்று நானும் நினைத்துவிட்டேன்.

அப்புறம் அதன்மேல் கத்தி வைக்கவில்லை. காய்ந்துபோன மூன்று கிழட்டுக் குச்சிகளை மட்டும் அடியோடு எடுத்தேன். அதற்குப் பலன்தான் இந்த மே மாதத்து ரோஸ் கொத்துகள்.

நிறம் மாறியதற்குக் காரணம் தேட வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. எங்கள் மண் அமில மண், தேயிலைக்குப் பிடித்த மண். அதில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். சுண்ணாம்பு சேர்ந்தால் அலுமினியம் மண்ணிலேயே கட்டுண்டுவிடும், பூ ரோஸாகிவிடும். சுவர் வேலையின்போது சிமெண்ட் குழைத்ததும் மிச்சக் கலவையைக் கொட்டியதும் அதே மேல்தட்டில்தான். கிளறியபோது வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் வந்தன.

நாட்டு மருந்துக் கடையில் நூறு கிராம் படிகாரம் வாங்கி வந்தேன். அதிலும் அலுமினியம் இருக்கிறது. கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம் என்று எண்ணம். அதற்குள் அத்தை ஒரு கொத்தை நறுக்கி முருகன் படத்துக்கு வைத்துவிட்டார். முப்பது வருஷத்தில் நீலப் பூவை ஒரு நாளும் சாமிக்கு வைத்து நான் பார்த்ததில்லை.

படிகாரப் பொட்டலம் பிரிக்காமல் ஜன்னலில் இருக்கிறது.