முட்டிக்கொண்ட இரண்டு அம்புகள்: ஒரு பழைய வெப்லியின் முத்திரைகளைப் படித்த அனுபவம்

குடும்பத்தில் வந்த ரிவால்வர் அது, வெப்லி என்ற பிரிட்டிஷ் நிறுவனம் ராணுவத்துக்காகச் செய்த மார்க் 6. உரிமம், பதிவு எல்லாம் தடங்கல் இல்லாமல் முடிந்தன. மேல்பட்டையில் 'மார்க் 6', ஃபிரேமில் (துப்பாக்கியின் உடல்பகுதியில்) வெப்லியின் பெயரோடு 1917. இதே மாடலை 1921 முதல் பிரிட்டிஷ் அரசின் என்ஃபீல்டு தொழிற்சாலையும் செய்தது, அதனால் ஆண்டை முதலில் பார்ப்பது நல்லது. இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை.

சிக்கல் மதிப்பீட்டாளரிடம் தொடங்கியது. ஃபிரேமில் இரண்டு அகன்ற அம்புகள் முனையோடு முனை முட்டி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, "உயர் அதிகாரிக்கென்றே செய்த துப்பாக்கி, அபூர்வம்" என்று அறிக்கை எழுதிக் கட்டணமும் வாங்கிக்கொண்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒற்றை அம்பு என்றால் பிரிட்டிஷ் அரசின் சொத்து. இரண்டு அம்புகள் முட்டிக்கொண்டால் அரசு அதைக் கழித்து விற்றுவிட்டது என்று பொருள். அந்தக் கால அதிகாரிகள் பலர் சொந்தப் பணத்தில்தான் ரிவால்வர் வாங்கினார்கள். அவற்றில் அம்பே இருக்காது. அம்பு இல்லாததைப் போலி என்று யாராவது ஒதுக்கினால் நம்பிவிடாதீர்கள்.

சின்னக் கிரீடமும் அதன்கீழ் எழுத்தும் எண்ணும் இருந்தால் அது பரிசோதகரின் முத்திரை. அரச பரிசு என்று சொல்லி விலை ஏற்றுவார்கள், கவனம். அம்பு 'சி' எழுத்துக்குள் இருந்தால் கனடா, இரண்டு 'டி'க்களுக்கு நடுவில் இருந்தால் ஆஸ்திரேலியா.

அப்புறம் கைப்பிடியின் பின்பக்கம். படைப்பிரிவின் எழுத்துகள் அங்கேதான் இருக்கும். யாரோ உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, பாதியை அழித்துவிட்டிருந்தார்கள். தயவுசெய்து எந்தப் பழைய ஆயுதத்தையும் அப்படித் தேய்க்காதீர்கள், போன எழுத்து திரும்ப வராது. இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பல கோணங்களில் படம் எடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத கோடுகள் நிழலில் தெரிந்தன. அந்தப் படங்களை ஒரு படைப்பிரிவு அருங்காட்சியகத்துக்கு அனுப்பினால், "வீரரின் பெயரும் எண்ணும் தேவை" என்று ஒரு வரிப் பதில். அந்தப் பெயரைத்தானே நான் தேடுகிறேன்!

முடிச்சு அவிழ்ந்தது பேரலில் (குழலில்). கிரீடத்தின்கீழ் 'பிஎன்பி' என்ற மூன்று எழுத்துகள், துப்பாக்கிகள் அழுத்தத்தைத் தாங்குமா என்று சோதிக்கும் பர்மிங்ஹாம் சோதனைச்சாலையின் முத்திரை. அந்த வடிவம் 1954 விதிகளோடு வந்தது. ஆக, இது கழித்து விற்கப்பட்டு, அதற்குப் பிறகு அங்கே பொதுச் சந்தைக்கான சோதனையைத் தாண்டியிருக்கிறது. அம்புகள் சொன்னதும் இதுவும் பொருந்திவிட்டன.

ஒரு எச்சரிக்கை. சிலிண்டரின் பின்புறத்தைச் சீவி .45 ஏசிபி தோட்டா போடும்படி மாற்றிய வெப்லிகள் நிறைய உண்டு. வெப்லியின் சொந்தத் தோட்டாவான .455க்காகச் செய்த துப்பாக்கிக்கு அந்தத் தோட்டாவின் அழுத்தம் அதிகம், சுடவே கூடாது.

படங்களையும் விளக்கத்தையும் இணைத்து, அறிக்கையைத் திருத்தித் தரச் சொல்லி மதிப்பீட்டாளருக்கு எழுதினேன். 'அபூர்வம்' என்ற வரியை நீக்கிவிட்டார், கட்டணமும் திரும்பி வந்துவிட்டது.