ஓட்டமும் நடையும்

என் வீட்டு வாசலிலிருந்து குரோம்பேட்டை ஸ்டேஷன் பிளாட்பாரம் 1,200 மீட்டர். போனில் அளந்து பார்த்துவிட்டேன். நான் பிடிக்க வேண்டிய பீச் வண்டி 7.52-க்கு. 7.35-க்குக் கிளம்பினால் சாவகாசமாகப் போகலாம். நான் கிளம்புவது என்னவோ 7.43-க்குத்தான். ஒன்பது நிமிடம், அதாவது மணிக்கு 8 கிலோமீட்டர்.

அந்த வேகத்தில் நடக்கவும் முடியும். ஆனால் தெருமுனைப் பெட்டிக்கடையைத் தாண்டுவதற்குள் கணுக்காலுக்கு மேலே, எலும்பை ஒட்டி முன்பக்கம் இருக்கிற தசை எரிய ஆரம்பித்துவிடும். நாலு எட்டு ஓடினால் போதும், எரிச்சல் காணாமல் போகும். வேகம் கூடியிருக்காது, அதே வேகம்தான். நடப்பதைவிட ஓடுவது எப்படிச் சுலபமாக இருக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மெண்ட் ட்ரெட்மில்லில் ஏறிப் பார்த்தேன். 5-இல் சுகமான நடை. 6.5-இல் கை தானாக மடங்கி வீசத் தொடங்கியது. 7.3-இல் அதே எரிச்சல். 7.5-ஐத் தொட்டதும் கால் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தபோது 7 வரைக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் உட்கார்ந்து படித்தேன். நடக்கும்போது ஊன்றிய கால் ஒரு தலைகீழ் ஊசல். விறைப்பாக நிற்கும் காலின் மேல் உடம்பு ஒரு வில்வளைவில் ஏறி இறங்குகிறது. ஏறும்போது இழக்கிற வேகத்தில் பெரும்பகுதி இறங்கும்போது திரும்பக் கிடைத்துவிடும், அதனால்தான் நடை மலிவு. ஆனால் உடம்பை அந்த வளைவில் பிடித்து வைப்பது புவியீர்ப்பு மட்டும்தான். ஸ்பீடு பிரேக்கரில் வேகமாகப் போகிற பைக் எழும்புமே, அந்தக் கதைதான். 90 சென்டிமீட்டர் காலுக்குக் கணக்குப்படி வினாடிக்கு 3 மீட்டர் வரை தாங்கும். ஆனால் பெரும்பாலோர் 2 மீட்டரிலேயே, அதாவது மணிக்கு 7 கிலோமீட்டர் சுமாரிலேயே, ஓட்டத்துக்கு மாறிவிடுகிறார்கள். ஓட்டத்தில் கால் ஊசல் இல்லை, ஸ்பிரிங். குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாண் ஒவ்வோர் அடியிலும் இழுபட்டு, உடனே உதைத்து அனுப்புகிறது.

இத்தாலியின் மார்காரியா 1938-லேயே இதன் செலவை அளந்திருக்கிறார். வேகம் கூடக்கூட, ஒரு கிலோமீட்டர் நடக்க ஆகும் சக்தி செங்குத்தாக ஏறுகிறது. ஓட்டத்துக்கு எந்த வேகமானாலும் ஏறக்குறைய ஒரே செலவு. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மாறுகிறோம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் 1993-இல் ஹ்ரெல்யாக் என்பவர் அளந்தபோது, மனிதர்கள் அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே மாறுவது தெரிந்தது. காரணமாக அவர் கைகாட்டியது, பாதத்தைத் தூக்குகிற அந்த முன்பக்கத் தசையை. என் பெட்டிக்கடை எரிச்சல்! படித்ததும் ஏதோ என் பெயரையே அச்சில் பார்த்த மாதிரி இருந்தது.

(இடுப்பை ஒருமாதிரி ஆட்டிக்கொண்டு வேகநடைப் பந்தயம் போகிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பிரான்சின் யோஆன் தினீஸ் 2014-இல் 50 கிலோமீட்டரை 3 மணி 32 நிமிடத்தில் நடந்தார். மணிக்கு 14 கிலோமீட்டர். இப்போது சிரிப்பதில்லை.)

இன்னொன்றும் உறைத்தது. ஸ்கூலுக்குக் கூட்டிப்போகும்போது மகளிடம் தினமும் “ஓடாதம்மா, நட” என்பேன். அவள் கால் நீளம் 50 சென்டிமீட்டர். அதே கணக்கைப் போட்டால் அவள் மாற வேண்டிய வேகம் 5.6. அது என்னுடைய சாதாரண நடை. பாவம், அவள் வேறென்ன செய்வாள்!

சரி, என் 8-க்கு வருவோம். லாங், ஸ்ரீனிவாசன் என்ற இருவர் 2013-இல் ஒரு சோதனை செய்தார்கள். இவ்வளவு தூரத்தை இவ்வளவு நேரத்தில் கடக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி ஆட்களை விட்டார்கள். நடைக்குக் கம்மி, ஓட்டத்துக்கு அதிகம் என்கிற மாதிரி நேரம் கொடுத்தால், ஆட்கள் தாமாகவே கொஞ்சம் ஓடிக் கொஞ்சம் நடந்தார்கள். சக்திக் கணக்குப்படியும் அந்தக் கலவைதான் சிக்கனம். ரேஷன் கடையிலிருந்து அம்மா மூச்சிரைக்க வந்து, “ஓட்டமும் நடையுமா வந்தேன்டா” என்பாளே, அதேதான்.

இப்போது பெட்டிக்கடை முதல் பிள்ளையார் கோயில் வரை ஓட்டம். அங்கிருந்து மெயின் ரோடு வரை நடை, பையில் சாம்பார் டப்பா இருக்கிறது. மறுபடி ஓட்டம். வண்டி கிடைத்துவிடுகிறது. டப்பா மூடி மட்டும் வாரத்துக்கு ஒருநாள் ஏமாற்றுகிறது.