அந்த டிவி அப்போது எங்கள் வீட்டில் இல்லை

2001 செப்டம்பர் 11 அன்று எங்கே இருந்தாய் என்று யார் கேட்டாலும் நான் யோசிக்கவே மாட்டேன். கூடத்தில், தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். டிவியில் ஒரு கோபுரம் புகைந்துகொண்டிருந்தது. ஏதோ விபத்து என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது விமானம் வந்து அடுத்த கோபுரத்தில் மோதியது. அக்கா பாதி மடித்த தலையணை உறையோடு அப்படியே நின்றுவிட்டாள். உறையில் பச்சைக் கோடுகள்.

இருபது வருஷத்துக்கு மேலாக இதைச் சொல்லி வந்தேன். போன மாதம் அக்காவை வைத்துக்கொண்டே சொன்னேன்.

"எந்த டிவியில பார்த்த?" என்றாள்.

"நம்ம கறுப்பு டிவிதான்."

"அது 2004ல வாங்கினதுடா."

விட்டுக்கொடுக்க மனமில்லை. பரணிலிருந்து பழைய டைரியை எடுத்தேன். என் கையெழுத்துதான்: "வீடு வந்து சேர மணி ஒன்பது. இரண்டு கோபுரமும் இடிந்து விழுந்துவிட்டதாம். அக்கா சொன்னாள்." அந்த 'தாம்' ஒன்றே போதாதா? நான் பார்க்கவில்லை, கேட்டிருக்கிறேன். பிறகு நூறு தடவை திரும்பத் திரும்பப் போட்டார்களே, அதை எடுத்து அன்றைய மாலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி, நான் மட்டும் இல்லை. உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர், அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய செய்தி வந்தபோது வானொலியில் பேஸ்பால் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்ததாகப் பல வருஷம் நம்பியிருக்கிறார். தாக்குதல் நடந்தது 1941 டிசம்பர் 7. டிசம்பர் குளிரில் ஏது பேஸ்பால்? அவரேதான் பிறகு, 1986 ஜனவரியில் சாலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாள் காலை, செய்தியை எப்படி அறிந்தீர்கள் என்று மாணவர்களை எழுத வைத்தார். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் சிலரிடம் அதே கேள்வியை மறுபடி கேட்டபோது, சுமார் கால்வாசிப் பேர் எழுதியது முழுக்கவே வேறு கதை. பழைய தாளைக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லையாம்.

எனக்கும் திரும்பவில்லை. டைரியை மூடினால் மறுபடி அதே கூடம், அதே கறுப்பு டிவி. ஒன்பது மணி வரை நான் எங்கே சுற்றினேன் என்று ஒரு துளி ஞாபகமில்லை.

அக்காவுக்கு ஜெயித்த சந்தோஷம். "எனக்கு எல்லாம் அப்படியே இருக்கு. அப்பா சாய்வு நாற்காலில உட்கார்ந்து 'உள்ள எத்தனை பேர் இருந்தாங்களோ'ன்னு சொல்லிட்டே இருந்தார்" என்றாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது.

டைரியில் அதற்கு அடுத்த வரி: "அப்பா ஊரிலிருந்து நாளை மறுநாள்தான் வருகிறார்."

அக்காவிடம் காட்டவில்லை. டைரி மறுபடி பரணுக்குப் போய்விட்டது.