சாரத்துக்கு வெளியே நின்று பார்த்தது

சென்னையில் மகள் வீட்டுக்குப் போவதென்றால் ஒரு கிலோ வர்க்கியும் ஒரு பாட்டில் தைலமும் இல்லாமல் கிளம்ப முடியாது. குன்னூரில் பஸ் ஏறி மேட்டுப்பாளையத்தில் இறங்கி, ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் விடியும்போது சென்ட்ரல். சில வருஷத்துக்கு முந்தி அப்படிப் போனது கண் டாக்டரைப் பார்க்க. டாக்டர் பார்த்தது கால் மணி நேரம். மீதி மூன்று நாளும் பேத்திக்குச் சொந்தம் என்று மகள் முடிவு செய்திருந்தாள்.

பேத்தி அப்போது ஒன்பதாவது. படம் வரைவாள். "அப்பச்சி, எழும்பூர் மியூசியத்துல ரவி வர்மா பெயின்டிங் இருக்குதாம். இட்டுனு போறீங்களா?" என்று கேட்டாள். பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவள். அம்மாவின் அப்பாவைக் கூப்பிடுகிற அப்பச்சி என்ற சொல் மட்டும்தான் அவள் வாயில் நம்ம ஊர். "இட்டுனு எல்லாம் போக மாட்டேன், கூட்டிட்டு வேணா போறேன்" என்றேன்.

போனோம். கேட் சாத்தியிருந்தது. வெள்ளிக்கிழமை வார விடுமுறையாம். போன் கையிலேயே இருந்தும் பார்க்காமல் கிளம்பியது என் தப்புதான். பேத்தி ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அது திட்டுவதைவிட மோசம்.

மறுநாள் ஒன்பதரைக்கு முதல் ஆளாக டிக்கெட் வாங்கினோம். மியூசியம் என்றால் ஒரே கட்டிடம் என்று நினைத்திருந்தேன். அது ஒரு சின்ன ஊர். பாந்தியன் சாலையிலிருந்து உள்ளே போனால் வட்டமாக ஒரு நாடக அரங்கம், கன்னிமாரா நூலகம், சிலைகளுக்குத் தனி, செப்புத் திருமேனிகளுக்குத் தனி. 1851இல் ஆரம்பித்தது. கொஞ்ச காலம் இந்த வளாகத்தில் புலியும் சிறுத்தையும்கூட வளர்த்திருக்கிறார்கள். மெட்ராஸின் மிருகக்காட்சி சாலையே இங்கேதான் தொடங்கியதாம்.

இதற்கெல்லாம் நடுவில் ரோஸ் நிறக் கல்லில், வடக்கத்தி அரண்மனை வாசல் மாதிரி ஒரு கட்டிடம். தேசிய கலைக்கூடம். பேத்தி தேடி வந்தது அதைத்தான். அடியிலிருந்து உச்சி வரை சாரம் கட்டி, பச்சை வலை போட்டு, முன்னால் தகரத் தடுப்பு வைத்திருந்தது. கட்டிடம் பலவீனமாகிவிட்டதென்று பல வருஷமாகவே உள்ளே ஆளை விடாமல் இருந்தார்கள். அப்போது பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

"போச்சு" என்றாள் பேத்தி.

எனக்குப் போகவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக நான் கொத்தனார். ('பில்டிங் கான்ட்ராக்டர்' என்று கார்டு அடிக்கச் சொல்கிறான் மருமகன். அடிக்கவில்லை.) எங்கப்பா புளியம்பட்டியிலிருந்து கரணையோடு மலை ஏறியவர். குன்னூரிலும் கோத்தகிரியிலும் வெள்ளைக்காரன் காலத்து பங்களாக்களில் ஓடு மாற்றுவதும் சுவர் பூசுவதும்தான் எங்கள் பிழைப்பு. சாரம் கட்டிய கட்டிடத்தைப் பார்த்தால் நான் அண்ணாந்துகொண்டு நின்றுவிடுவேன். முழுசாக இருக்கிற கட்டிடம் பூசி மெழுகின முகம். உள்ளே என்ன கல், என்ன செங்கல், எவன் எங்கே சோம்பல் பட்டிருக்கிறான் என்று எதையும் காட்டாது. பூச்சை உரித்த பிறகுதான் பேசும்.

அந்தத் தகரத்துக்கு இடையில் ஒரு சந்து. எட்டிப் பார்த்தேன். இரும்புக் குழாய்ச் சாரம். எங்கள் பக்கம் இன்னமும் கற்பூர மரக் கம்பும் கயிறும்தான். மழையில் கயிறு இறுகும், வெயிலில் தளரும், தினம் காலையில் ஒரு ஆள் முடிச்சு முடிச்சாகப் பார்த்து வர வேண்டும். இங்கே கிளாம்ப் போட்டு முறுக்கிவிட்டால் முடிந்தது. கீழே தார்ப்பாய் மூடிய குவியல். வாசனை வந்துவிட்டது. கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த வாசனை, கள்ளுக்கும் காடிக்கும் நடுவில் ஒன்று. எங்கப்பா சட்டையில் இருந்த வாசனை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சிமென்ட் மூட்டை மாதிரி, பிரித்துக் கொட்டித் தண்ணீர் விட்டால் முடிகிற சமாச்சாரம் இல்லை சுண்ணாம்பு. கல்லைச் சுட்டு, தண்ணீரில் நீற்ற வேண்டும். கொதிக்கும், பக்கத்தில் நிற்க முடியாது. அதை வாரக்கணக்கில் ஊற விட்டு, மணலோடு செக்கில் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து மறுபடி புளிக்க விட வேண்டும். பூசின பிறகும் அவசரப்படாது. காற்றில் இருக்கிற கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு திரும்பவும் கல்லாகும். அதற்கு மாதங்கள் ஆகும், தடித்த சுவரென்றால் வருஷமும் ஆகும். மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சுக்கு ஒரு காலத்தில் பெரிய பேர். கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்கிவிடுவார்கள்.

எங்கள் ஊர்ப் பழைய சுவர்கள் எல்லாம் இந்த வகை. ஓதம் ஏறும், ஏறினது பூச்சு வழியாகவே வெளியே போய்விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் உள்ளே போன தண்ணீருக்கு வழி இல்லை. உப்பு பூத்து செங்கலையே தின்ன ஆரம்பிக்கும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே செய்து கெடுத்ததால் தெரியும். 1998 வாக்கில் குன்னூரில் ஒரு பங்களா. ஓனர் சீசனுக்குள் முடிக்கச் சொன்னார், ஏப்ரலில் கெஸ்ட் வருகிறார்களாம். சுண்ணாம்பு புளிக்க நாள் இல்லை. அப்பா வேண்டாமென்றுதான் சொன்னார். "காலம் மாறிப்போச்சுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, வடக்குச் சுவர் முழுக்க சிமென்ட் பூசி எமல்ஷன் அடித்துக் கொடுத்தேன். போட்டோ எடுத்தால் அவ்வளவு அழகு. குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. இரண்டு அடைமழை தாங்கியது. மூன்றாவதில் பூச்சு அப்பளம் மாதிரி உப்பி நின்றது. தட்டினால் பொள்ளலாகச் சத்தம். உளியை வைத்ததும் பூச்சு பலகையாகக் கழன்று, பின்னாலேயே நூறு வருஷச் செங்கல் மாவாகக் கொட்டியது. என் கைக்காசில்தான் மறுபடி கட்டினேன். அப்பா வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கொட்டின மாவை ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து பழைய சுவரைப் பார்த்தால் பெருவிரல் நகத்தால் ஒரு அழுத்து அழுத்தாமல் என்னால் நகர முடியாது. கூடவே வாய் ஏதாவது முணுமுணுக்கும். "மேஸ்திரி சுவரோட பேசறாரு" என்று எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள்.

தடுப்புக்குள் இருந்து ஒரு பையன், இருபத்தைந்து இருக்கும், தண்ணீர் குடிக்க வெளியே வந்தான். "கலவை எத்தனை நாளாப் புளிக்குது தம்பி?" என்றேன். நின்று என் கையைப் பார்த்தான். விரல் நுனியில் சுண்ணாம்பு தின்ற வெடிப்பு இருக்கும். கொத்தனாருக்குக் கொத்தனார் அடையாள அட்டை தேவையில்லை. "நீங்க வேலைக்காரருங்களா?" என்று கேட்டுவிட்டு, செங்கம் பக்கம் சொந்த ஊர் என்றான். கால் மணி நேரம் பேசினோம். கூலி, கால் வலி, இப்போது கரணை பிடிக்க வரும் பையன்கள் எல்லாரும் டைல்ஸ் வேலைக்கே போய்விடுவது. உள்ளே விட முடியாது, வேலை போய்விடும் என்றான். நானும் கேட்கவில்லை. எங்கள் சாரத்துக்கு அடியில் வெளியாள் வந்து நின்றால் நானும் துரத்துவேன்.

பேத்தி அந்தக் கால் மணி நேரமும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்து நான் அந்தப் பக்கமே போகவில்லை.

இந்தக் கட்டிடத்தின் கதையை அன்று ராத்திரிதான் தேடிப் படித்தேன். விக்டோரியா ராணி பேரில் கட்டிய மண்டபம். 1906இல் அடிக்கல், 1909இல் திறப்பு; ஊட்டிக்கு ரயில் வந்த மறு வருஷம். வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின், மைசூர் அரண்மனைக்கும் அவர்தான். கட்டிக் கொடுத்த கான்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டி. திறந்து வைத்தது கவர்னர் ஆர்தர் லாலி. யார் என்று தெரியாமலேயே அவர் பேரை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், கோயம்புத்தூர் போனால் பஸ்ஸில் 'லாலி ரோடு ஒண்ணு' என்றுதானே டிக்கெட் எடுக்கிறோம். மேஸ்திரி பேரைத் தேடவில்லை.

ரவி வர்மா படத்தை அன்று பார்க்க முடியவில்லை. செப்புத் திருமேனிகளைப் பார்த்தோம். திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் எல்லாரும் நிற்கிற மாதிரி நாங்களும் நின்றோம். எனக்குப் பிடித்தது வேறு. மண்ணுக்குள் கிடந்து களிம்பேறிய சிலைகளை மின்சாரம் பாய்ச்சிச் சுத்தம் செய்ய 1930களிலேயே பரமசிவன் என்ற வேதியியல்காரர் இந்த வளாகத்தில் ஆய்வுக்கூடம் நடத்தியிருக்கிறார். களிம்பைச் சுரண்டினால் சிலையின் மூக்கும் விரலும் சேர்ந்து போகும். சுரண்டாமல் எடுத்திருக்கிறார். ஒரு பழுது வேலைக்காரனாக அவரைக் கும்பிட்டுக்கொண்டேன்.

வெயிலுக்கு எனக்குத் தலை சுற்றியது. கிளம்பலாம் என்னும்போது பேத்தி ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னாலிருந்து கத்தினாள்: "அப்பச்சி, உங்க ஊரு!"

மண்பானைகள். அட்டையில் நீலகிரி என்று எழுதியிருந்தது. மலை உச்சிகளில் இருக்கிற கல்வட்டங்களுக்குள் புதைத்திருந்தவை. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த ப்ரீக்ஸ் அப்படிப் பல குழிகளைத் தோண்டியிருக்கிறார். அவர் 1872இல் இறந்துபோனார். எழுதி வைத்ததை மனைவி சரிபார்த்து மறு வருஷம் புத்தகமாகக் கொண்டுவந்தார். ஊட்டியில் ப்ரீக்ஸ் ஸ்கூல் தெரியும், ஆளைத் தெரியாது எனக்கு. பானை மூடி மேலே ஒரு எருமை நிற்கிறது. தோடர்கள் குடியிருக்கிற மந்தில் நிற்கிற அதே எருமைதான், கொம்பு இரண்டு பக்கமும் பிறை மாதிரி வளைந்து. உடம்பு உருட்டின களிமண், முகம் இரண்டு விரலால் கிள்ளினது, அவ்வளவுதான். கிள்ளின இடத்தில் பள்ளம் அப்படியே இருக்கிறது. கண்ணாடி மேல் என் பெருவிரலை அதற்கு நேராக வைத்துப் பார்த்தேன். காவலுக்கு நின்ற அம்மா, "கண்ணாடியத் தொடாதீங்க ஐயா" என்றார். எடுத்துவிட்டேன்.

குன்னூர் வந்து ஒரு வாரம் கழித்து பேத்தி வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினாள். மரத்தடியில் உட்கார்ந்து அவள் செய்தது இதுதான் போலிருக்கிறது. பென்சிலில் அந்தக் கட்டிடம், குழாய் குழாயாகச் சாரம், ஒவ்வொரு கிளாம்பும் தனித்தனியாக. ஓரத்தில் வேட்டி கட்டின ஒரு கிழவன் தகரச் சந்தில் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறான். கீழே 'அப்பச்சி சுவரைத் திட்டுகிறார்' என்று எழுதியிருந்தாள்.

கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். உடனே போன் செய்தேன்.

"நல்லா இருக்குது கண்ணு. மேல ரெண்டாவது தட்டுல பலகை போட்டிருக்கறயில்ல, அதுக்கடியில குறுக்குக் கம்பு ஒண்ணு விட்டுட்ட. ஆளு ஏறி நின்னா பலகை எந்திரிச்சுக்கும். போட்டுட்டு மறுபடி அனுப்பு."