தைக்காமல் விட்ட புண்

எல்லையோர அகதி முகாம் மருத்துவமனையில் பணிக்குச் சேர்ந்தபோது நான் முதலில் விட்டொழிக்க வேண்டியிருந்தது, தையல் போடும் அவசரத்தை. கண்ணாடிக் கீறல் என்றால் கழுவித் தைத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். குண்டுச் சிதறல் அப்படியல்ல. வெளியே காசளவு துளைதான் தெரியும். உள்ளே மண், துணி நார், செத்த தசை. அதை மூடித் தைத்தால், காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. செத்த சதையை வெட்டியெடுத்து, டெட்டனஸ் ஊசி போட்டு, புண்ணைத் திறந்தபடியே கட்டி வைப்போம். நாலைந்து நாள் கழித்துத்தான் தையல். அதுவரை காய்ச்சல், ரத்தக்கசிவு, கெட்ட வாடை எதுவும் இல்லையென்றால் கட்டைத் தொடவே கூடாது.

இதை ஒரு தாய்க்கு விளக்கிப் புரியவைப்பது ஆபரேஷனை விடக் கஷ்டம். தொடையில் சிதறல் பாய்ந்த பன்னிரண்டு வயதுப் பையனின் அம்மா மூன்றாம் நாள் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நாங்க அகதிங்கறதாலதான் தைக்காம விட்டுட்டீங்களான்னு கேக்கறாங்க, டாக்டர்."

என்னிடம் இருந்த பதில் சரியானதுதான். ஆனால் அவர் முகத்துக்கு நேரே சொல்லும்போது எனக்கே சாக்குப்போக்கு போல ஒலித்தது.

நாங்கள் எல்லோரும் பையனையே பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டிலின் கால்மாட்டில் அவனுடைய தங்கை உட்கார்ந்திருந்தாள், இரண்டு வயதிருக்கும். அழவில்லை, எதையும் எடுத்து விளையாடவில்லை. வார்டில் அழாத குழந்தையைப் பார்த்தால்தான் பயப்பட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கவனித்தது நர்ஸ்தான். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், கைச்சுற்றளவை அளக்கும் வண்ண நாடாவைச் சுற்றினார். 10.9 செ.மீ. 11.5-க்குக் கீழே போனால் சிவப்பு, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. அண்ணனுக்கு உயிராபத்து இல்லை, இவளுக்கு இருந்தது. நெரிசலான முகாமில் தட்டம்மையோ வயிற்றுப்போக்கோ பரவினால் முதலில் போவது இப்படிப்பட்ட உடம்புதான். புகைப்படக்காரர்கள் வந்தால் கட்டுப் போட்ட காலைத்தான் படமெடுப்பார்கள், அது வேறு விஷயம்.

தடுப்பூசி போட்டோம். வேர்க்கடலைச் சத்துப் பசையைப் பிரித்துக் கையில் கொடுத்தோம். 92 கிராம் பொட்டலம், 500 கலோரி. சாப்பிடுகிறாளா என்று பார்க்க வேண்டும். பசியே இல்லையென்றால் உள்நோயாளியாகச் சேர்த்தாக வேண்டும். வெகுநேரம் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல நக்கினாள்.

ஐந்தாம் நாள் ஆபரேஷன் தியேட்டரில் பையனின் கட்டைப் பிரித்தோம். காய்ந்த துணி ஒட்டியிருந்தது. உரித்ததும் தசை சிவந்து லேசாக ரத்தம் கசிந்தது, உயிருள்ள தசை. ரத்தத்தைப் பார்த்துச் சந்தோஷப்படும் தருணங்கள் இந்தத் தொழிலில் உண்டு. தைத்து வெளியே வந்து சொன்னபோது அம்மா தலையை மட்டும் அசைத்தார். அவர் கவனமெல்லாம் மடியிலிருந்தவள் மேல்.

அடுத்த வாரம் அளந்தபோது 11.1. இன்னும் சிவப்புதான்.