கிளாட் லொரேன் வரைந்த துறைமுகம்

லண்டன் நேஷனல் கேலரியில் ஒரு படம் இருக்கிறது, பிரெஞ்சு ஓவியர் கிளாட் லொரேன் 1648-ல் வரைந்தது, ஷேபா நாட்டு ராணி கப்பலேறும் காட்சி. கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் உயரம், இரண்டு மீட்டர் அகலம். அவ்வளவு பெரிய படத்தில் ராணி எங்கே என்று தேடத்தான் வேண்டும், வலது பக்க மாளிகைப் படிக்கட்டில் பரிவாரத்தோடு சின்னதாக இறங்கிக்கொண்டிருக்கிறார். படத்தின் நட்டநடுவில் இருப்பது காலைச் சூரியன்.

பைபிளில் இந்த ராணி சாலமோன் அரசரைப் பார்க்க ஒட்டகங்களோடு வருகிறார், கப்பல் பேச்சே கிடையாது. மற்ற ஓவியர்கள் இருவரும் சந்திக்கும் இடத்தை வரைவார்கள். கிளாடுக்குக் கடலும் வெளிச்சமும் வேண்டும், அதனால் ராணியைக் கப்பலில் ஏற்றிவிட்டார்! அந்தக் காலத்தில் வெறும் இயற்கைக் காட்சிக்கு மதிப்பு குறைவு, புராணமோ வேதக்கதையோ இருந்தால்தான் உயர்ந்த ஓவியம். காட்சிக்குத்தான் காசு, மனிதர்களை இலவசமாகத் தருகிறேன் என்று அவர் சொல்வதுண்டாம்.

சரி, இதில் அப்படி என்ன விசேஷம்? பொதுவாக ஓவியத்தில் வெளிச்சம் படச் சட்டத்துக்கு வெளியே எங்கிருந்தோ வந்து விழும். கிளாட் 1630களிலிருந்தே தன் துறைமுகப் படங்களில் சூரியனைச் சட்டத்துக்குள்ளேயே வைத்து, நம் கண்ணுக்கு நேராகக் காட்டி, மற்ற எல்லாவற்றின் நிழலையும் அதிலிருந்தே கணக்குப் போட்டார். இடது பக்கத் தூண்கள் நம் பக்கம் இருண்டு நிற்பதும், அலைகளின் விளிம்பு மட்டும் மின்னுவதும், தூரம் போகப்போக எல்லாம் பொன்னிறப் புகையில் கரைவதும் அதனால்தான். பெரிதாக்கிப் பார்க்கும்போது எனக்கே கண் கூசுவது போல இருந்தது. இப்படி ஒரு துறைமுகம் எங்கேயும் இல்லை, எல்லாம் கற்பனைக் கட்டடங்கள், ஆனால் வெளிச்சத்தில் பொய் இல்லை.

படத்துக்குச் சொல்லிவைத்தவர் போப்பின் அண்ணன் மகன் கமில்லோ பாம்ஃபிலி. அவர் திருச்சபையில் கார்டினல் என்ற உயர்பதவியை விட்டுக் கல்யாணம் செய்துகொண்டு சித்தப்பாவான போப்பின் கோபத்துக்கு ஆளானார், படம் கடைசியில் பூய்யோன் பிரபுவிடம் போனது. கிளாட் படங்களுக்குப் போலிகள் வேறு கிளம்பின, அதனால் தான் வரைந்து கொடுத்ததையெல்லாம் ஒரு நோட்டில் சின்னதாக வரைந்துவைத்துக்கொண்டார். அது இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்.

அப்புறம் ஆங்கில ஓவியர் டர்னர். இந்தப் படத்தைப் பார்த்து அழுதேவிட்டார் என்று சொல்வார்கள். 1815-ல் இதே அமைப்பில் டைடோ ராணி கார்த்தேஜ் நகரைக் கட்டும் படத்தை வரைந்து, நான் போன பிறகு இதை கிளாட் படத்துக்குப் பக்கத்தில்தான் மாட்ட வேண்டும் என்று உயில் எழுதிவைத்தார். மரியாதையா போட்டியா என்றால் இரண்டும்தான். டர்னர் சூரியனில் சூடு அதிகம், பார்த்தவுடன் இழுக்கும். ஆனால் நிதானமாக நின்று பார்க்க எனக்கு கிளாட்தான்.